மரபூர்க் காதுகுத்து

முத்தரசுக்கு அந்த வேலை கிடைத்ததே மீசையால்தான். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையில் ஒரு செட்டியார் குடும்பம் பதினெட்டு ஏக்கர் பொட்டலை வேலி போட்டு, நூறு வருசத்துக்கு முந்தைய ஊர் ஒன்றை அங்கே எழுப்பியிருந்தது. வாசல் பலகையில் ‘மரபூர்’ என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் பழைய தபாலாபீசு, கமலைக் கிணறு, மளிகைக் கடை, வண்டிப்பேட்டை, ஏழெட்டு வீடுகள் எல்லாம் இருக்கும். வீடுகளில் ஆள்களும் இருப்பார்கள். டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் முன்னால் அந்தக் காலத்து மனுசராக நடமாடுவதுதான் அவர்களுக்குச் சம்பள வேலை.

முத்தரசு அதற்கு முன்பு காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவலுக்கு நின்றான். மரபூரை நடத்துகிற தேனம்மை ஆச்சி அங்கே சேலை எடுக்க வந்தவர், அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்த மீசைய வச்சுக்கிட்டு ஏன் கதவு தெறந்து விட்டுக்கிட்டு இருக்கீக? எங்ககிட்ட வாங்க, தாய்மாமன் வேலை இருக்கு” என்றார். அவனுக்கு விளங்கவில்லை. போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

சனி, ஞாயிறு, மற்ற விடுமுறை நாட்களில் பதினொரு மணிக்கு அங்கே ‘விசேச வீடு’ என்ற வீட்டு முற்றத்தில் ஒரு காதுகுத்து நடக்கும். மேளம் முன்னால் வர, சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு தாய்மாமன் தெருவில் நடந்து வருவார். பலகையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்குவார். ஆசாரி காது குத்துவார். முதலில் இதைப் பொம்மையை வைத்துத்தான் செய்தார்கள். பிறகு பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், “எங்க பிள்ளைக்கு மாமா அமெரிக்காவில் இருக்கார், வர முடியாது, இங்கேயே நிஜமாகக் குத்திவிட முடியுமா?” என்று கேட்டது. ஆச்சிக்கு அது பிடித்துப்போயிற்று. முன்பதிவு செய்து வருகிறவர்களுக்கு நிசமாகவே குத்த ஆரம்பித்தார்கள். காசி ஆசாரி காரைக்குடியில் நகைப்பட்டறை வைத்திருப்பவர்; கை சுத்தம். மடி முத்தரசுடையது.

மூன்று வருசத்தில் ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் அவன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டார்கள். பிள்ளையைப் பிடிப்பதில் அவனுக்கு ஒரு பக்குவம் வந்துவிட்டது. இடது உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். வலது கையால் பிள்ளையின் இரண்டு கைகளையும் வளைத்துக்கொள்வான். காதோரம் குனிந்து, “மாமா இருக்கேன்ல, மாமா இருக்கேன்ல” என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவன் மனைவி யோகலட்சுமி, “இன்னைக்கு எத்தன மருமக்க?” என்று கேட்பாள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருசம். பிள்ளை இல்லை. வேடிக்கையாகத்தான் கேட்பாள். அவனும் ஒன்று, இரண்டு என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போவான்.

அவனுக்கு நிசமான மருமகள் ஒருத்தி இருந்தாள். ஆறு வயது. அவளை அவன் பார்த்ததில்லை.

சித்ரா அவனுக்கு எட்டு வயது இளையவள். அம்மா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. காளையார்கோவிலுக்குத் தெற்கே நாலு ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு அப்பா பெத்தன் தண்ணீரோடும் வெயிலோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, தங்கச்சிக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியது முத்தரசுதான். அவன் பின்னுகிற சடை ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். அதோடுதான் அவள் அஞ்சாவது வரை போனாள். பிறகு மதுரையில் மருந்தாளுநர் படிப்பு படித்தாள். திருச்சியில் வேலைக்குப் போனாள். அங்கே உடன் வேலை பார்த்த கோபிநாத்தைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணனுக்குத்தான் முதலில் போன் செய்தாள். அவன் அதை அப்பாவிடம் சொன்னான்.

பெத்தன் சத்தம் போடவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார். அதன் பிறகு யார் கேட்டாலும், “எனக்கு ஒரு புள்ளதேன்” என்றார்.

ஏழு மாதக் கர்ப்பத்தில் சித்ரா ஒருநாள் பஸ் ஏறிக் காளையார்கோவிலுக்கு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் போனான். “வீட்டுக்கு வரலண்ணே. வளகாப்பு வச்சிருக்காக. பொறந்த வீட்டு வளையல் ஒண்ணாவது இருக்கட்டும்னு கேக்க வந்தேன். கண்ணாடி வளையல் போதும்” என்றாள். வளையல் கடை எதிரேதான் இருந்தது. முத்தரசு அதைப் பார்த்தான். கடைக்காரர் அப்பாவுக்குப் பழக்கமானவர். “அப்பா உசுரோட இருக்க மட்டும் என்னைய எதுவும் கேக்காத” என்று சொல்லி, ஒரு தண்ணி பாட்டில் வாங்கிக் கையில் கொடுத்துத் திருச்சி பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு வந்தான். பஸ் திரும்பும்வரைகூட நிற்கவில்லை. பெண் பிள்ளை பிறந்த சேதியை அவளோடு படித்த ஒருத்தி சொல்லித்தான் கேள்விப்பட்டான்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் வரவில்லை.

போன காணும் பொங்கலுக்கு மரபூரில் வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆள்களையெல்லாம் அழைத்துவரச் சொன்னார் ஆச்சி. டிக்கெட் கிடையாது, சாப்பாடும் உண்டு. பெத்தன் அதுவரை அங்கே வந்ததே இல்லை. “வேசம் கட்டுற எடத்துல எனக்கு என்ன சோலி” என்பார். அந்த வருசம் யோகலட்சுமி விடவில்லை. மாமனாருக்குப் புது வேட்டி எடுத்துக் கட்டச் சொல்லிக் காலை பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பார்க்கிறதெல்லாம் புகை மூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி என்பார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். ஆனாலும் கமலைக் கிணற்றடியில் நின்று மாட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இத வச்சு எறச்சா ஒரு பாத்தி நனையாது” என்றார். யோகலட்சுமி சிரித்தாள். முத்தரசுக்கும் அன்றைக்கு மனம் லேசாக இருந்தது. அப்பாவைத் தபாலாபீசுக்குள் கூட்டிப்போய்க் காட்டினான். பணியாரம் வாங்கிக் கொடுத்தான். பதினொரு மணிக்கு விசேச வீட்டு முற்றத்தில் நாற்காலி பார்த்து உட்கார வைத்துவிட்டு உடுப்பு மாற்றப் போனான்.

நல்ல கூட்டம். முற்றம் நிறைந்து பின்னால் நின்றுகொண்டும் இருந்தார்கள். முத்தரசு சரிகை வேட்டியும் தலைப்பாகையுமாகச் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் மேளத்துக்குப் பின்னால் வந்தான். பக்கத்தில் மாலைத் தட்டோடு மாயக்கண்ணன் வந்தார். அவர் மரபூரில் மாட்டு வண்டி ஓட்டுகிறவர், ஐம்பதை நெருங்கியவர், விசேச நேரத்தில் தட்டு எடுக்கவும் வருவார். வாசலை நெருங்கும்போது ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற பெண்ணின் குரல் வந்தது.

“இன்றைக்குக் காது குத்திக்கொள்ளப் போகும் செல்வம், திருச்சியிலிருந்து வந்திருக்கும் கோபிநாத், சித்ரா தம்பதியின் மகள் மகிழினி.”

முத்தரசின் கால் நின்றுவிட்டது. சித்ரா என்று ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். மேளக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். நடந்தான்.

அவள்தான். மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை கட்டி, கன்னம் கொஞ்சம் ஒடுங்கிப்போய், பலகைக்குப் பக்கத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபிநாத் போனில் படம் எடுக்கத் தயாராகச் சற்றுத் தள்ளி நின்றான். சித்ராவின் முகத்தில் திடுக்கிடல் எதுவும் இல்லை. அவனைத் தேடித்தான் வந்திருக்கிறாள். மரபூர்க்காரர்கள் போட்ட ஏதோ ஒரு வீடியோவில் அண்ணன் ஒரு வடநாட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ‘மாமா இருக்கேன்ல’ என்று சொன்னதை அவள் பார்த்திருக்கிறாள் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆறு வருசமாகப் பிள்ளைக்குக் காது குத்தாமல் வைத்திருந்தவள், டிக்கெட் எடுத்து, படிவம் நிரப்பி, முன்பதிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

முத்தரசு பலகையில் உட்கார்ந்தான். சித்ரா குனிந்து பிள்ளையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“மாமா மடி இது. ஒக்காருடி தங்கம்.”

பிறகு அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “அண்ணே, நாடகம்னு நெனச்சுக்கிட்டே செஞ்சிரு. எனக்கு அது போதும்.”

பிள்ளை ஒரு காலை மடக்கி அவன் தொடையில் உட்கார்ந்தது. பாவாடைச் சரிகை அவன் கையில் உரசியது. தேங்காய் எண்ணெய் மணத்தது தலை. சடை கோணாமல் நேராக இருந்தது. அவன் இடது கையைத் தூக்கிப் பிள்ளையின் நெற்றிக்குக் கொண்டுபோனான். அப்போது கூட்டத்துக்குள் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது.

நாலாவது வரிசையில் அப்பா எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார்.

துண்டு தோளிலிருந்து கைக்கு வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அந்த வீட்டில் அர்த்தம். முப்பத்தெட்டு வருசமாக முத்தரசு அதைப் பார்த்து வளர்ந்தவன். சித்ராவின் கல்யாணச் சேதியைச் சொன்ன அன்றும் துண்டு அப்படித்தான் கைக்கு வந்தது. அவன் என்ன யோசித்தான் என்று அவனுக்கே பிறகு நினைவில்லை. யோசிக்கவே இல்லையென்றும் சொல்லலாம். நெற்றிக்குப் போன கை கீழே இறங்கிப் பிள்ளையின் இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தரையில் நிறுத்தியது.

“மாயக்கண்ணண்ணே, செத்த வந்து ஒக்காருங்க. எனக்கு முடியல.”

மாயக்கண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. நெஞ்சு வலியோ மயக்கமோ என்று பயந்து, “என்னப்பா செய்யுது?” என்று கேட்டவர், கூட்டம் பார்க்கிறது என்று மாலைத் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிள்ளை முத்தரசை நிமிர்ந்து பார்த்து, “அங்கிளுக்கு என்னாச்சும்மா?” என்றது. சித்ரா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான்.

உடுப்பு மாட்டியிருக்கிற அறையில் போய் நின்றான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் முற்றம். மாயக்கண்ணன் தன் வண்டி மாடு ஒன்று வாழைப்பழம் திருடிய கதையைச் சொல்வதும் பிள்ளை சிரிப்பதும் கேட்டது. பிறகு வீல் என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு சத்தம். அதன் பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளுக்குள் முத்தரசு முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான்.

அவன் வெளியே வந்தபோது அவர்கள் கார் நிற்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஓடினான். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியவில்லை. சித்ராவின் தோளில் பிள்ளை விசும்பிக்கொண்டு கிடந்தது. இரண்டு காதும் சிவந்து, மஞ்சள் பூசிய இடத்தில் தங்கக் கம்பி மின்னியது. அவன் மூச்சு வாங்க எதிரே வந்து நின்றதும் சித்ரா நின்றாள்.

“இந்தத் தடவ தண்ணி பாட்டில் இல்லையாண்ணே?” என்றாள்.

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். கோபம் இல்லை. கோபிநாத் கார்க் கதவைத் திறந்தபடி, “வா சித்ரா, வெயிலா இருக்கு” என்றான். அவன் முத்தரசைப் பார்த்து ஒரு தரம் தலையை அசைத்தான். கார் போயிற்று.

திரும்புகிற பஸ்ஸில் பெத்தன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். யோகலட்சுமி மட்டும் ஒரு தரம் அவன் காதில், “என்ன காரியம் செஞ்சீக?” என்று கேட்டாள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பொங்கல் போய்ச் சித்திரை வந்தது. அவன் வாராவாரம் மற்ற பிள்ளைகளை மடியில் வாங்கிக்கொண்டுதான் இருந்தான். ‘மாமா இருக்கேன்ல’ என்பதை மட்டும் விட்டுவிட்டான். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வைகாசியில் பெத்தன் தானாகவே, “கண்ண அறுத்துக்கிறேன், கூட்டிட்டுப் போ” என்றார். ஒரு கண்ணுக்குப் புரை எடுத்தார்கள். ஒரு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். முத்தரசுதான் விட்டான். ஒரு மத்தியானம் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்த அப்பாவின் இமையை விரலால் பிரித்து ஒரு சொட்டு விட்டபோது, அவர் மேலே பார்த்தபடியே கேட்டார்.

“அந்தப் புள்ளைக்குக் காது ஆறிருச்சாமா?”

“எந்தப் புள்ளைக்கு?”

“எந்தப் புள்ளைக்குன்னு கேக்குற பாரு.”

மருந்து வழிந்து காதுப் பக்கம் ஓடியது. முத்தரசு துடைத்துவிட்டான். “எனக்கு எப்படித் தெரியும்?” என்றான்.

“ஏன்டா அப்படிப் பண்ணின? மடியில வந்து ஒக்காந்த புள்ளைய எறக்கி விடலாமா? அவ மேல ஒனக்கு இன்னுமா கோவம்?”

முத்தரசுக்கு அந்தப் பேச்சு முதலில் மண்டையில் ஏறவே இல்லை.

“என்னப்பா சொல்றீக? நீங்கதேன எந்திரிச்சு நின்னீக. துண்டக் கையில எடுத்தீக.”

“மொகந் தெரியலடா” என்றார் பெத்தன். “மைக்குல பேரச் சொன்னாக. எனக்குப் பகீர்னுச்சு. முன்னால ஒக்காந்திருந்தவுக தல மறைக்குது. கண்ணும் மசமசன்னு இருக்கு. புள்ள யாரு சாடைல இருக்குன்னு பாக்கத்தேன் எந்திரிச்சேன். கண்ணுல தண்ணியா ஊத்துச்சு, துண்ட எடுத்துத் தொடச்சேன். தொடச்சுட்டுப் பாக்குறேன், நீ புள்ளைய எறக்கி விட்டுட்டுப் போற. சரி, இவனுக்கு ஆறலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

முத்தரசு மருந்துக் குப்பியின் மூடியைத் திருகினான். அது சரியாக உட்காரவில்லை. திரும்பத் திரும்பத் திருகினான்.

“அப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா.”

“நீ சொன்னியா?”

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த யோகலட்சுமி பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. தன் கல்யாணத்துக்குப் போட்ட சின்னத் தோட்டை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். “பாவாடைத் துணி நா எடுத்துத் தாரேன். ஞாயித்துக்கெழம லீவு போட்டுட்டுப் போயிட்டு வாங்க” என்றாள்.

முன்பதிவுப் படிவத்தில் சித்ராவின் இப்போதைய போன் நம்பர் இருந்தது. தேனம்மை ஆச்சியிடம் போய்க் கேட்டபோது, வந்தவர்கள் விவரத்தை வெளியே தருகிறதில்லை என்றார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஆச்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “என்கிட்ட வந்து ஒரு வார்த்த அன்னைக்குச் சொல்லியிருந்தா அந்தப் பிள்ளைகள நிப்பாட்டி வச்சிருப்பேனே” என்றார். நம்பரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். போனை எடுத்தது கோபிநாத். “வாங்க” என்று ஒரே சொல்லில் வீட்டு விலாசத்தை அனுப்பி வைத்தான்.

திருச்சியில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது மகிழினிதான். காதில் சின்ன வளையம் தொங்கியது. அவனை அதற்கு அடையாளம் தெரியவில்லை. “யாரு வேணும்?” என்றது. “ஒங்க அம்மா கூடப் பொறந்தவேன்” என்றான். “அம்மா குளிக்கிறாங்க” என்று சொல்லி உள்ளே விட்டது.

கூடத்தில் உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. மகிழினி வாயைத் திறந்து அழுதுகொண்டிருக்கிறாள். காசி ஆசாரியின் கை காதில் இருக்கிறது. மாயக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, தனக்கே வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

அவன் அதையே பார்ப்பதைக் கண்டு பிள்ளை பக்கத்தில் வந்தது. “இது எங்க மாமா. மாட்டு வண்டி மாமா. காது புண்ணானப்ப போன் பண்ணிக் கேட்டாங்க. என் பொறந்தநாளுக்குக் கவுன் அனுப்பிச்சாங்க.”

அது முத்தரசுக்குத் தெரியாது. மாயக்கண்ணனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். கூடப்பிறந்தவள் என்று யாருமில்லை. மடியில் வைத்துக் காது குத்திய பிள்ளையை அப்படியே விட மனசில்லாமல், அன்றைக்கே கோபிநாத்திடம் நம்பர் வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

சித்ரா ஈரத்தலையோடு வந்தாள். “வாண்ணே” என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அவன் தட்டை எடுத்து வைத்தான். பாவாடைத் துணி, பூ, பழம், தோடு. அப்பா சொன்னதைச் சொன்னான். அவர் எதற்காக எழுந்தார் என்பதை இரண்டு தரம் சொன்னான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அப்பா எந்திரிச்சத நா பாக்கலண்ணே. அவரு வந்திருக்காருன்னே எனக்குத் தெரியாது. நா ஒன்னைய மட்டுந்தேன் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“தப்புத்தேன் தாயி.”

“காசு குடுத்தாக் கெடைக்குதேன்னு வந்தேன். ஊரு ஒலகத்துப் புள்ளைகளுக்கெல்லாம் ஒம்மடி கெடைக்குது. அதுலயும் எனக்கு இல்லாமப் போச்சு.”

முத்தரசு தோட்டை அவள் பக்கம் நகர்த்தினான். “இப்பப் போட்டு விடுறேன். மடியில வச்சு நாங்க எல்லாரும் வந்து, நம்ம கோயில்ல, அப்பாவையும் கூட்டிக்கிட்டு…”

“என்னத்தப் போடுவ?” என்றாள். “காது ஒரு தடவதேண்ணே குத்துறது.”

சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். அவனுக்கு அழுகை வரவில்லை. நாற்காலியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபிநாத் சமையலறையில் ஏதோ பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். பிறகு சித்ரா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “பசியோட போகாத, சாப்புட்டுப் போ” என்று இலை போட்டாள். அவன் சாப்பிட்டான். அவன் கொண்டுவந்ததை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தோட்டைச் சாமி மாடத்தில் வைத்தாள். பாவாடைத் துணியைப் பிள்ளையிடம் கொடுத்து, “அண்ணே கொண்டாந்தது” என்றாள்.

“தேங்க்ஸ் அங்கிள்” என்றது பிள்ளை.

சித்ரா திருத்துவாள் என்று முத்தரசு காத்திருந்தான். அவள் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டில் பெத்தன் வாசலிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை மறைத்துக் கட்டியிருந்த பச்சைத் துணிப் பட்டையை மேலே தள்ளிவிட்டு மகனைப் பார்த்தார். “ஆறிருச்சா?” என்றார். “ஆறிருச்சுப்பா. வளையம் போட்டிருக்கு.” “யாரு சாடை?” “நம்ம அம்மா சாடைதேன். நெத்தி மட்டும் ஒங்கள மாதிரி.” பெத்தன் தன் நெற்றியை ஒரு தரம் தடவிக்கொண்டார். “மாமான்னு கூப்பிட்டுச்சா?”

“கூப்பிட்டுச்சுப்பா” என்றான் முத்தரசு. அன்றைக்கு அவன் சொன்ன ஒரே பொய் அதுதான்.

நீங்களும் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வாங்களேன் என்று யோகலட்சுமி மாமனாரிடம் பல தடவை சொல்லிவிட்டாள். “இன்னொரு கண்ணையும் அறுத்துக்கிட்டுப் போறேன்” என்பார். இன்னொரு கண்ணை அறுக்க நாள் குறித்தால் இந்த மாதம் வேண்டாம் என்பார். அவருக்குப் பயம் என்று அவளுக்குத் தெரியும்.

மாயக்கண்ணனுக்கு விசயம் தெரிந்ததும் வண்டிப்பேட்டையில் முத்தரசைத் தனியே பிடித்தார். “ஒந் தங்கச்சி புள்ளன்னு எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சா ஒக்காந்திருப்பேனா? அந்தப் புள்ள சித்ராவும் எங்கிட்ட வாயத் தொறக்கல. நா இனிமேப் போன் பண்ணல, ஒதுங்கிக்கிறேன்.”

“வேணாம்ண்ணே” என்றான் முத்தரசு. “பண்ணுங்க. தீவாளிக்கும் துணி அனுப்புங்க. நீங்களும் நின்னுட்டீகன்னா அந்தப் புள்ளைக்கு மாமன்னு யாரும் இருக்க மாட்டாக.”

தாய்மாமன் வேசத்தை விட்டுவிட்டான். ஆச்சி வேறு ஆள் போட்டுக்கொண்டார். மீசை கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் பிள்ளைகளோடு நன்றாகப் பேசுகிற ஆள். முத்தரசு இப்போது வாசலில் டிக்கெட் பார்த்து உள்ளே அனுப்புகிறான். பதினொரு மணிக்கு மேளம் கேட்டால் கொஞ்ச நேரம் சாலைப் பக்கம் போய் நின்றுவிட்டு வருவான்.

சித்ரா மாதத்துக்கு ஒரு தரம் போன் செய்கிறாள். ஐந்து நிமிசம் பேசுவாள். அப்பா மாத்திரை போடுகிறாரா, யோகலட்சுமிக்கு முதுகு வலி தேவலையா என்று கேட்பாள். மழை பெய்ததா என்று கேட்பாள். அவனும் திருச்சியில் வெயில் எப்படி என்று கேட்பான். பிள்ளை அந்தப் பக்கத்தில் பாட்டுப் படித்துக்கொண்டோ டிவி பார்த்துக்கொண்டோ இருப்பது காதில் விழும். போனில் வருவதில்லை. கொடு என்று அவனும் கேட்பதில்லை.